கடைசி யார்?

வீரசோழன் ஆற்றுப் பாலத்துக்குக் கிழக்கே
கூட்டுறவுக் கடை.
விற்பனையாளர் நான், தையல்நாயகி.
மூட்டை இறங்கிய மறுநாள்
ஆறு மணிக்கே வரிசை கட்டிவிடும்.
ஆட்கள் நிற்கமாட்டார்கள்:
மஞ்சள் பை, எண்ணெய்க் கேன், ஒற்றைச் செருப்பு,
பக்கிரிசாமி வைத்துவிட்டுப் போகும் அரைச் செங்கல்.

அந்தச் செங்கல்லைப் பார்த்துத்தான் சிரித்தாள் யனேலிஸ்.
ஆடுதுறையில் நெல் படிக்க
கியூபாவிலிருந்து மூன்று மாதம் வந்தவள்.
அவள் ஊரும் நெல் ஊர்.
கரும்பு, வாழை, கொசு, முழங்கால் சேறு
எல்லாம் உண்டாம், காவிரி மட்டும் இல்லையாம்.
தண்ணீர் திறக்காத வருஷம்
எங்களுக்கும் அப்படித்தான் என்றேன்.

போனில் ஒரு படம் காட்டினாள்.
பழுப்பேறிய சின்ன நோட்டு,
கட்டம் கட்டமாய்ப் பேனாக் கிறுக்கல்.
அரிசி, சர்க்கரை, பயறு,
ஏழு வயசு வரைக்கும் பால்.
எல்லாம் ஒழுங்காக வருமா என்றேன்.
"வந்தா வரும்" என்றாள், கற்றுக்கொண்ட தமிழில்.
பருப்பு எப்போ என்று கேட்பவர்களுக்குப்
பதினாலு வருஷமாய் நான் சொல்லும் பதில் அது.
யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது?

டிகிரி காப்பி வாங்கிக் கொடுத்தேன்.
சிக்கரி கலப்போம் என்றதும் கண்ணடித்தாள்.
அங்கே பட்டாணியை வறுத்துக் கலப்பார்களாம்.
முதல் டிகாக்‌ஷன் சொட்டில் சர்க்கரையைப் போட்டு
நுரைக்க நுரைக்க அடித்து
விரல் உயரக் குவளையில் ஊற்றி
பக்கத்து வீட்டுக்கு ஒன்று நீட்டிவிட்டுத்தான்
தான் குடிப்பார்களாம்.

கரண்ட் போன ஒரு சாயங்காலம்
என் வீட்டு அடுப்பில் சமைத்தாள்.
அவள் கேட்ட கறுப்புப் பயறு கிடைக்கவில்லை,
காராமணியை அரிசியோடு வேகவிட்டாள்.
பூண்டு தாராளம், சீரகம் கொஞ்சம்.
"பொங்கல் தீஞ்சுபோச்சா?" என்று
எட்டிப் பார்த்துக் கேட்டாள் மும்தாஜ்.
மொந்தன் காயைத் துண்டாக்கிப் பொரித்து எடுத்து
தட்டையாய் நசுக்க எதையோ தேடினாள்.
மின்தராசு வந்தபின் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த
ஒரு கிலோ எடைக்கல்லைக் கழுவிக் கொடுத்தேன்.
ஒவ்வொரு துண்டிலும்
அரசாங்க எழுத்து தலைகீழாய்ப் பதிந்தது.
மறுபடி எண்ணெயில் போட்டாள்.
அப்போதுதான் வெளிச்சம் வந்தது,
தெருவே 'ஏய்' என்று கத்தியது,
அவளும் கத்தினாள்.
அந்தக் கத்தலை யாரும் அவளுக்குச்
சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகுதான் செங்கல் விஷயம்.
அவள் ஊரில் வரிசை தரையில் கிடக்காது.
வந்ததும் பொதுவாய்க் கேட்க வேண்டும்:
"உல்த்திமோ?"
கடைசி யார்?
ஒரு கை உயரும். அந்த முகத்தை ஞாபகம் வை.
உனக்கப்புறம் வருபவருக்கு நீ கை தூக்கு.
அவ்வளவுதான். நிழலுக்குப் போ,
டோமினோ ஆடு, சண்டை போடு,
மீன் வாங்கிவிட்டு வா.

சொல்லிப் பார்த்தோம். முதல் மாதம் ரகளை.
ரெண்டு பேர் ஒரே வழுக்கைத் தலையை
ஞாபகம் வைத்திருந்தார்கள்.
அடுத்த மாதம் வெயிலில் ஒரு பை இல்லை,
புங்கமரத்தடியில் ஊரே இருந்தது.
"உல்டிமா யாரு?" என்று வந்தார் பக்கிரிசாமி.
செங்கல்லை மட்டும் விடவில்லை,
போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கிளம்பும் நாளும் வந்தாள், பை இல்லாமல்.
"உல்த்திமோ?"
மும்தாஜ் கை தூக்கினாள்.
அடுத்து வந்த கலியபெருமாளுக்கு
இவள் கை தூக்கினாள்.
ஜீப் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மும்தாஜுக்குப் பாமாயில் கொடுத்து நிமிர்ந்தேன்.
ரேகை மிஷின் பச்சை விளக்கோடு காத்திருந்தது.
கலியபெருமாள் மரத்தடியை விட்டு எழவில்லை.
"வாங்களேன்" என்றேன்.
"எனக்கு முன்னாடி ஒரு ஆளு இருக்கும்மா" என்றார்.